லாபம், ரெண்டு

என் தங்கை எங்கோ வெளிநாட்டு மைதானத்தில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் குனிந்து நின்ற நேரத்தில், நான் திண்டிவனத்தில் ஒரு பெரியவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை எனக்கு. ஊசி குத்தும்போது என் கை நடுங்காது. அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அன்று காலையில் போனைப் பஞ்சு டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கண்ணை நரம்பிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்திருந்தேன்.

"இன்னாமா, ஊசி போடறியா, படம் பாக்கறியா?" என்றார் பெரியவர்.

"என் தங்கச்சி ஓடறா ஐயா. ஒரே ஒரு நிமிஷம்."

"ஓடட்டும். நான் எங்கியும் ஓடிட மாட்டேன். பாத்துட்டே குத்து" என்று, நீட்டிய கையை மடக்காமல் அவரும் திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

ஆசிய அளவிலான தடகளப் போட்டி அது. பெண்கள் நூறு மீட்டர், முதல் நாள் தகுதிச் சுற்று. எட்டுப் பேரில் ஐந்தாவது தடத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளை. 'செட்' என்று குரல் வந்தது. எட்டுப் பேரின் இடுப்பும் உயர்ந்தது. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் ஐந்தாவது தடத்தில் மட்டும் தோள் ஒன்று முன்னே துள்ளியது. பாதம் உந்தி எழுவதற்காக வைத்த தொடக்கக் கட்டையை விட்டுக் கிளம்பவில்லை, ஆனால் துள்ளியது எல்லாருக்கும் தெரிந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். நடுவர் அம்மாள் ஒருத்தி நிதானமாக நடந்து வந்து, என் தங்கையின் முகத்துக்கு நேரே மஞ்சள் அட்டையை உயர்த்திக் காட்டினாள்.

பெரியவருக்கு விளக்கியதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வெடிக்கும் முன் புறப்பட்டால் அந்த நொடியே வெளியே போக வேண்டியதுதான். கெஞ்சினாலும் நடக்காது. புறப்படாமல் இப்படித் துள்ளினால் ஒரு மஞ்சள் அட்டை. அதே போட்டியில், எந்தச் சுற்றானாலும், இரண்டாம் முறை துள்ளினால் அதற்கும் வெளியேதான். மறுபடி ஓட்டம் தொடங்கியபோது அவள் பயந்து பயந்து எழுந்தாள். ஆனாலும் மூன்றாவதாக வந்து மறுநாள் மாலை இறுதிப் போட்டிக்குத் தேறிவிட்டாள்.

"அதான் ஜெயிச்சிட்டாளே, மூஞ்ச ஏன் இப்படி வெச்சிக்கினு இருக்க?" என்றார் பெரியவர். நான் ரத்தம் எடுத்து அவரை அனுப்பினேன்.

பிறகு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். 'செட்' என்ற குரலுக்கும் அந்தத் துள்ளலுக்கும் நடுவில் என் உதடு தானாக அசைந்தது. லாபம், ரெண்டு. 'ரெண்டு' வந்த இடத்தில் தோள் துள்ளியது. இன்னொரு முறை ஓட்டினேன். லாபம், ரெண்டு. அதே இடம். நான்காவது முறைக்குப் பிறகு பார்க்கவில்லை. துள்ளியது அவள் தோள், துள்ள வைத்தது நான். இது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் அம்மா திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கொல்லைகளில், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கக் கூலிக்குப் போனவள். கூலியை மல்லாட்டையாகவே படியில் அளந்து போடுவார்கள். அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள், அப்புறம்தான் ரெண்டு, மூணு. அம்மா அந்த எண்ணிக்கையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். மாத்திரை எண்ணினாலும், கொடியிலிருந்து துணி எடுத்தாலும், எங்கள் முதுகில் அடி வைத்தாலும் லாபம், ரெண்டுதான். பள்ளியில் முதல் நாள் எண்ணச் சொன்னபோது நானும் லாபத்தில் ஆரம்பித்தேன். வகுப்பே சிரித்தது. வெளியில் மாற்றிக்கொண்டேன், வாய்க்குள் மட்டும் மாறவே இல்லை.

தங்கை ஓட ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினொரு வயது. நாங்கள் விழுப்புரத்துக்குக் குடி வந்திருந்தோம். நான் லேப் டெக்னீசியன் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் சாயங்காலம் மைதானத்தில் பிள்ளைகளை ஓட வைப்பார். துப்பாக்கியெல்லாம் கிடையாது. கிளாப்பர்தான். இரண்டு பலகைகளை ஒரு முனையில் கீல் போட்டு இணைத்திருப்பார்கள். விரித்துப் பட்டென்று மூடினால் மைதானம் முழுக்கக் கேட்கும். சார் கடிகாரத்தோடு முடிவுக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதால், தொடக்கத்தில் கிளாப்பர் அடிக்க ஆள் தேவைப்பட்டது. தங்கையைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிற நான் சும்மாதானே நிற்கிறேன் என்று என் கையில் கொடுத்தார்.

கொடுக்கும்போதே சொன்னார். "ஒரே மாதிரி அடிக்காதம்மா. செட் சொல்லிட்டு ஒரு தபா ஜல்தியா அடி, ஒரு தபா காக்க வெச்சி அடி. அவ சத்தத்துக்கு எழுந்திரிக்கணும், உன் பழக்கத்துக்கு எழுந்திரிக்கக் கூடாது."

மூன்று நாள் அப்படித்தான் அடித்தேன். மூன்று நாளும் அவள் சத்தத்துக்கு முன்னால் எழுந்து ஓடினாள். முன்னால் ஓடினால் மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பது சாரின் தண்டனை. அழுதுகொண்டே சுற்றினாள். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்தாள். நான்காம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். செட் என்று சொல்லிவிட்டு வாய்க்குள் லாபம், ரெண்டு என்று எண்ணி அடித்தேன். அவள் அம்பாகப் போனாள். நூறு மீட்டருக்கு அப்பால் நின்ற சாருக்கு என் 'செட்' கேட்காது, பலகைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து ஆறு வருஷம், மழை நாள் தவிர எல்லா நாளும், லாபம், ரெண்டு, பட்.

பாவம் பார்த்துச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதல் வாரம் வேண்டுமானால் அது உண்மை. அப்புறம் வேறு ஒன்று சேர்ந்துகொண்டது. மைதானத்தில் நடக்க வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "அக்கா அடிக்கறதும் தங்கச்சி எழறதும் பாரு, ரெண்டும் ஒரே மூச்சு" என்பார்கள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஓடுவது அவள், கைதட்டலில் பாதி எனக்கு. யாருக்குக் கசக்கும்?

மாநிலம், தேசம் என்று அவள் மேலே போனாள். இரண்டு வருஷமாக அவளுக்கு வேறு மாநிலத்தில் பயிற்சி முகாம், எனக்குத் திண்டிவனத்தில் வேலை. முகாமில் எல்லாம் இயந்திரச் சத்தம், விதவிதமான இடைவெளி. பழக்கம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் லீவுக்கு வரும்போதெல்லாம், "உன் கிளாப்புக்கு ஓடனாத்தான்க்கா ஓடன மாதிரி இருக்குது" என்று என்னை மைதானத்துக்கு இழுத்துப் போவாள். நானும் இளித்துக்கொண்டு போய் அடித்தேன். பதற்றம் வந்தால் உடம்பு பழைய வழியில்தான் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மதியம் அவளே பேசினாள்.

"அக்கா, பாத்தியா?"

"பாத்தேன் பாப்பா."

"ஏன் அசைஞ்சன்னே தெரிலக்கா. யாரோ புடிச்சித் தள்ளன மாதிரி இருந்திச்சி. கோச் கேக்கறாரு, எனக்குச் சொல்லத் தெரில. நாளைக்கும் அப்படி ஆச்சின்னா என்னக்கா பண்றது? எல்லாரும் பாத்துக்கினு இருக்க வெளிய நடந்து வரணும்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றேன். "ஒண்ணும் ஆவாது, நல்லாத் தூங்கு" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்ததும் என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை திண்டிவனம் பஸ் நிலையத்தின் ஓரத்தில் நின்று சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கத்தில் விழுப்புரம் டவுன் பஸ் ஹாரன் கேட்டது.

"எத்தினி வருசம்?" என்றார் கடைசியில்.

"ஆறு வருஷம் சார்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"திட்டுவீங்கன்னு."

"இப்பத் திட்ட மாட்டேன். அதுக்கு நேரமில்ல." மூச்சை இழுத்து விட்டார். "கேட்டுக்கோ. சொல்லாம உட்டா, அந்த ஸ்டார்ட்டர் கொஞ்சம் காக்க வெச்சான்னா இவ ரெண்டுல எழுந்திரிச்சிடுவா. வெளிய அனுப்பிடுவாங்க. சொன்னா, துப்பாக்கி வெடிச்சாலும் நெஜமா வெடிச்சிதான்னு ஒரு தபா யோசிப்பா. நூறு மீட்டர்ல யோசிச்சவன் செத்தான்."

"அப்ப நான் இன்னா சார் பண்றது?"

"அத என்னைக் கேக்காத. நீ வெச்ச பழக்கம். நீயே முடிவு பண்ணு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பகல் முழுக்க வேலை ஓடவில்லை. சொன்னால் ஒரு விதமாகக் கெடும், சொல்லாவிட்டால் இன்னொரு விதமாகக் கெடும். ஒரு பெண்மணிக்கு இரண்டு முறை குத்தினேன். அப்படி எனக்கு நடந்ததே இல்லை. அவர் முகம் சுளித்ததைப் பார்த்ததும், இனி இப்படி இருக்க முடியாது என்று ரத்த மாதிரிகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்தேன். மூன்று முறை அழித்தேன். நான்காவதை அனுப்பினேன்.

"பாப்பா, நேத்து நீ அசைஞ்சது உன் தப்பு இல்ல. நான் ஆறு வருசமா லாபம், ரெண்டுன்னு எண்ணித்தான் அடிச்சேன். சார் வேணாம்னு சொல்லியும் அடிச்சேன். உன் உடம்பு அத எண்ணுது. இன்னைக்கு ரெண்டு வரும், எழுந்திரிக்காத. சத்தம் வர வரைக்கும் உக்காந்திரு. அக்காவ அப்புறமாத் திட்டிக்கோ."

இரண்டு சாம்பல் நிறக் குறிகள் விழுந்தன. போய்ச் சேர்ந்துவிட்டது, அவள் கேட்கவில்லை. ஓட்டத்துக்கு முன்னால் போன்களை எல்லாம் அணியோடு போன மேடம் ஒருவர் வாங்கி வைத்துவிடுவார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். வாங்கிவிட்டாரா, இல்லையா என்று தெரியவில்லை. குறிகளைப் பார்ப்பதும் போனை உள்ளே வைப்பதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தேன்.

அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று பெர்மிஷன் போட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். இறுதி ஓட்டம் நம் நேரப்படி ஐந்தே முக்காலுக்கு. பஸ் திண்டிவனத்தைத் தாண்டவே நேரம் பிடித்தது. வழியில் போனில் படம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தரை ஆகியும் கூட்டேரிப்பட்டுதான் வந்திருந்தது. அங்கே வந்ததும் படம் தெளிவாக ஓட ஆரம்பித்தது. பஸ் நகர்ந்தால் மறுபடி போய்விடும் என்று எழுந்து படிக்கு ஓடினேன்.

"இன்னாமா, விழுப்புரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்கியே எறங்கற?" என்றார் கண்டக்டர்.

"வேலை இருக்குண்ணா" என்று இறங்கிவிட்டேன்.

சாலையோரம் கொய்யாப்பழம் வெட்டி விற்கும் ஓர் அம்மாளின் வண்டி நிழலில் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி சேதியாமா?" என்றாள்.

"இல்லக்கா. என் தங்கச்சி ஓடறா. வெளிநாட்ல."

கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என் தோளருகே வந்து நின்றாள். "இதுல யாரு?"

"இதோ, மூணாவது. நீலச் சட்டை."

கடைசியாக ஒருமுறை குறிகளைப் பார்த்தேன். நீலம். கேட்டுவிட்டாள். ஆனால் எப்போது கேட்டாள், கேட்டுவிட்டு என்ன நினைத்தாள், ஒன்றும் தெரியாது. திரைக்குத் திரும்பினேன். அவள் கையை உதறினாள், குனிந்தாள், கால்களைக் கட்டைகளில் பதித்தாள். முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

'செட்.'

இடுப்புகள் உயர்ந்தன.

லாபம்.

ரெண்டு.

மூணு. சத்தம் வரவில்லை. எட்டுப் பேரும் அசையாமல் இருந்தார்கள். படம் நின்றுவிட்டதா, அவர்கள்தான் அசையாமல் இருக்கிறார்களா என்று எனக்குப் புரியவில்லை. போனை ஆட்டினேன். "நின்னுபோச்சாமா?" என்றாள் கொய்யாக்காரம்மா. அப்போதுதான் பின்னால் கம்பத்தில் ஒரு கொடி படபடத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். படம் ஓடுகிறது. என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள்.

வெடித்தது.

ஏழு பேர் எழுந்த பிறகு அவள் எழுந்தாள். கண்ணுக்கே தெரிந்தது. பாதித் தூரம் வரைக்கும் அவள் கடைசியில்தான் இருந்தாள். அதற்கப்புறம்தான் அவளுடைய ஓட்டம் வந்தது. ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். ஏழாவது, ஆறாவது, ஐந்தாவது. கோட்டில் மார்பைத் தள்ளும்போது பக்கத்தில் இருந்தவளோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். முடிவுப் பலகையில் பெயர்கள் வர நேரமானது. கொய்யாக்காரம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியாது.

நாலாவது. மூன்றாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவில் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

"நாலாவது வந்தா இன்னா தருவாங்க?" என்றாள் அந்த அம்மாள்.

"ஒண்ணும் தர மாட்டாங்க."

அவள் ஒரு கொய்யாவை வெட்டி மிளகாய்ப்பொடி தூவி என் கையில் வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. மிளகாய்க்காரம் என்று அவள் நினைத்திருக்கலாம். அடுத்த பஸ்ஸில் ஏறி, விழுப்புரம் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அவள் போன் வரும்போது நான் எங்கள் தெருமுனையில் நடந்துகொண்டிருந்தேன். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

"கேட்டியா பாப்பா?"

"கேட்டேன். கிரவுண்டுக்கு பஸ்ல போய்க்கினு இருக்கும்போது மூணு தபா கேட்டேன்."

"அதனாலதான் லேட்டா?"

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. அவள் சொல்லவில்லை.

"ஆமாக்கா. வெடிச்சப்புறமும் நெஜமா வெடிச்சிதான்னு ஒரு தபா பாத்துக்கினேன். ஆனா ரெண்டு வந்தப்ப உடம்பு அப்படியே எழப் பாத்திச்சி. நீ சொன்னதுதான் புடிச்சி உக்கார வெச்சிது. உன்னாலதான் மெடல் போச்சி. உன்னாலதான் வெளிய போவாம ஓடனேன். ரெண்டுத்துக்கும் சேத்து உன்ன இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரில."

வீட்டுக்குள் போனேன். அம்மா ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை. பயந்துகொண்டு பின்பக்கம் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "கொழந்த நல்லாக்குதா?" என்று மட்டும் கேட்டாள். நல்லா இருக்கிறாள் என்றேன்.

பத்து நாள் கழித்து அவள் ஊருக்கு வந்தாள். நான் திண்டிவனத்திலிருந்து போனேன். இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னோடு சிரித்துப் பேசினாள், சாப்பிட்டாள், என் புடவையைக் கட்டிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் அறுத்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பீரோமேல் கிடந்த கிளாப்பரை எடுத்துத் தூசி தட்டி என் மடியில் போட்டாள். "வா" என்றாள்.

மைதானத்தில் சாரும் இருந்தார். இந்த முறை அவர் முடிவுக் கோட்டுக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கட்டைகளைச் சரிசெய்தபடி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஆறு வருசமா ஏன்க்கா சொல்லல?"

தண்டனைக்காக நீ அழுதாயே, அதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சார் முன்னால் அதுவும் பாதிப் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

"ஒரே மூச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க பாப்பா. எனக்கு அது புடிச்சிருந்திச்சி."

சார் வேறு பக்கம் பார்த்தார். அவள் கட்டையை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். "சரி" என்றாள். "செட் சொல்லு. இன்னைக்கு ரெண்டுல அடிக்காத. எப்பன்னு எனக்குத் தெரியக் கூடாது."

அஞ்சு வரைக்கும் பிடிப்பது என்று முடிவு செய்துகொண்டேன். பலகைகளை விரித்தேன். செட் என்றேன். அவள் இடுப்பு உயர்ந்தது. லாபம். ரெண்டு.

கீல் கிரீச்சென்றது. என் இரண்டு கையும் என்னைக் கேட்காமல் கிளம்பி, பாதி வழியில் நான் இழுத்துப் பிடித்ததால் பலகைகள் அந்தரத்தில் நின்றன. சத்தம் வரவில்லை. அவள் தோள் அசையவில்லை. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. தலையைக் கவிழ்த்தபடி, விரல்களை மண்ணில் ஊன்றியபடி, அந்த நிலையிலேயே சொன்னாள்.

"மஞ்சள் அட்டை உனக்குத்தான்க்கா. இன்னொரு தபா அசைஞ்சா வெளிய."

பிறகு எழுந்து கையைத் தட்டிவிட்டு, மறுபடி குனிந்து கால்களைக் கட்டைகளில் பதித்தாள். நான் பலகைகளை விரித்தேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.